பதினேழு எலுமிச்சம்பழங்கள்

நுரையீரல் பரிசோதனை முடிவில் இப்போதெல்லாம் வண்டி எண்களும் வந்துவிடுகின்றன. எந்த வண்டியின் புகை எவ்வளவு படிந்திருக்கிறது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். என் மனைவி பூங்கொடியின் முடிவில் பதினேழு லாரிகள் இருந்தன.

“இதுல தெரிஞ்ச வண்டி ஏதாவது இருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“எல்லாம் வெளியூர் வண்டியாட்டம் தெரியுதுங்க” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

பதினேழுக்கும் நாமக்கல்லில் என் பட்டறையில்தான் டியூனிங் நடந்தது. டீசலைக் கூட்டிவிட்டால் எந்த லோடோடும் மேடு ஏறும். கரும்புகை கக்கினால்தான் டிரைவர்களுக்கும் வேலையில் நம்பிக்கை வரும்.

வேலை முடிந்ததும், வண்டிக்கு எதுவும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு பூங்கொடிதான் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாள். அவள் பின்சக்கரத்தருகே குனிந்திருக்கும்போதே, இழுவையைக் காட்ட நான் ஆக்சிலேட்டரை மிதிப்பேன்.

டாக்டரம்மா அறையை விட்டு வெளியே வந்ததும் பூங்கொடி என்னிடமிருந்து காகிதத்தை வாங்கி, மூச்சு வாங்க வாங்க எண்களைப் படித்தாள்.

“ஏனுங்க, இதெல்லாம் நம்ம வண்டிதானுங்களே?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒரு வண்டிக்கும் எதுவும் ஆகலீங்கல்ல?” என்றாள்.