கொய்யாப்பழக் காய்ச்சல்

“மலேரியாக் காய்ச்சல் எதனாலம்மா வருது?”

டாக்டர் லியோனார்ட் கேட்டதும் அழகம்மா எழுந்து நின்றாள். “கொ...” என்று வாயெடுத்தவள், சுவரோரம் நின்ற நர்ஸ் ரோசம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். “கொய்யாப்பழத்தாலங்க, டாக்டரய்யா” என்றாள்.

ரோசம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறு மாதங்களுக்கு முன் இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில், இதே ஆட்களிடம் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார் டாக்டர். தோட்டத்துச் சனங்களுக்கு நோய் நொடி பற்றி என்ன தெரியும், சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு மனதில் நிற்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி. பாடம் சொல்லித்தர ரோசம்மாவை இங்கேயே தங்க வைத்திருந்தார்.

இன்று பலன் பார்க்கும் நாள். அதற்காகவே சுங்கைப்பட்டாணிப் பட்டணத்திலிருந்து முன்னும் பின்னும் துப்பாக்கிப் போலீஸ் வர, ஜீப்பில் இந்தச் சுங்கை லாலாங் தோட்டத்துக்கு வந்திருந்தார். கம்யூனிஸ்டுகள் காட்டில் பதுங்கியிருக்கும் அவசரகாலத்தில் ரப்பர் தோட்டப் பாதையில் வேறெப்படி வருவது?

“சரி, நீ சொல்லும்மா. வயித்துல பூச்சி எப்படி வருது?”

“செருப்புப் போட்டு நடந்தா வரும்ங்க” என்றாள், நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த பிரேமாவதி.

டாக்டர் கட்டிலில் படுத்திருந்த பிச்சையிடம் திரும்பினார். “நீயாவது தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறியாப்பா?”

“எனக்கே காய்ச்சல்ங்க. தண்ணியையும் காய்ச்சினா உடம்பு தாங்குமா?”

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. “ஆறு மாசத்துக்கு முந்தி பாதிப் பேராவது கொசுன்னு சொன்னாங்க. இப்ப அதுவும் போச்சே! சிஸ்டர், உங்களுக்காவது தெரியுமா?”

“கொசு, டாக்டர்.”

“அப்பாடா!”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இவங்க நல்லாச் சொல்லியிருந்தா இந்த வாரமே உங்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டிருப்பேன். ஹெட் நர்ஸ் வேலை. கரண்டு போட்ட குவாட்டர்ஸ். எல்லாம் கெட்டுதே!”

ரோசம்மா தலைகுனிந்தாள். கைக்குட்டைக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின. டாக்டருக்கே பாவமாகப் போய்விட்டது.

அழகம்மா பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தாள். “எங்க மிஸ்ஸிய வையாதீங்கய்யா. எங்களுக்குத்தான் மண்டையில ஏறல. சாயந்திரம் கம்பிவேலிக் கேட்டைச் சாத்திட்டா, விடியற வரைக்கும் உள்ள இருக்கறவங்க உள்ள, வெளிய இருக்கறவங்க வெளிய. போன வருஷம் முருகையா பொண்டாட்டி பிரசவ வலியில கத்திக் கத்தியே போய்ச் சேந்துட்டா. கேட்டுக் காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரன் தெறக்கலையே! மிஸ்ஸி வந்தப்புறம் பொறந்த பிள்ளைங்க எல்லாம் உசுரோட கைகால ஆட்டிக்கிட்டுக் கெடக்குது.”

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். “எனக்கும் தெரியும்மா. ஆனா பிரசவம் பாக்க ஒரு நர்ஸ நிரந்தரமா இங்க போடுறது என் கையில இல்ல. பாடம் சொல்லிக் குடுக்கத்தான் என்னால அனுப்ப முடியும்.”

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர், திரும்பி நின்று கண்டிப்பாகச் சொன்னார். “சிஸ்டர், இவங்க தேறுற வரைக்கும் நீங்க இந்தத் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது. இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் சரி. மொதல்லருந்து ஆரம்பிங்க!”

“சரி, டாக்டர்” என்றாள் ரோசம்மா, கேட்டும் கேட்காத குரலில்.

ஜீப் கிளம்பியது. செம்மண் புழுதி அடங்கும் வரை எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாகாக்காரன் கேட்டை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிரேமாவதி வயிற்றைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

ரோசம்மா எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“நேத்து நான் சொல்லிக் குடுத்த பதில ஒருத்தரும் மறக்கலையே!”