சின்ன சௌந்தரவல்லி

பாட்டு அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையை அவள் நிறுத்தினாள்.

மேடையில் பதினெட்டுப் பெண்கள். நடுவில் மாலை போட்ட படம். பாடகி சௌந்தரவல்லி இறந்து பதினாறு நாள் ஆகிறது. சபா அரங்கில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

மாணவிகள் அனுபல்லவியின் இரண்டாவது வரியை எடுத்தார்கள். அங்கே முருகனின் பெயர் ஒன்று வர வேண்டும்.

வரவில்லை.

பதினெட்டுப் பேரும் அந்த இடத்தில் வெறும் 'ஆ'வில் மேலே ஏறினார்கள். ஒரு தாள வட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு, இறங்கி வந்து பல்லவியைப் பிடித்தார்கள்.

முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது அழகுக்குப் போட்ட சங்கதி இல்லை. மறதி. அவளுடைய மறதி.

அவள் பெயரும் சௌந்தரவல்லிதான்.

நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், வானொலியில் நேரடிக் கச்சேரி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகாரியில் இதே கீர்த்தனை. அந்த ஒரு வார்த்தை திடீரென்று காணாமல் போயிற்று. நிறுத்த முடியாது. வாயைத் திறந்து 'ஆ' என்றாள். பயத்தில் குரல் மேலே போனது. எப்படித் திரும்பி வந்து சேர்ந்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பிடில்காரர் மட்டும் வேர்த்துப்போய் அவளைப் பார்த்தார்.

யாரோ ஒரு ரசிகர் வீட்டில் அதை டேப்பில் பிடித்துவைத்தார். மேலே பெயரை மட்டும் எழுதினார். இனிஷியல் இல்லை. ஊர் இல்லை.

டேப் கைமாறிக் கைமாறிப் போனது.

சௌந்தரவல்லி என்றால் உலகத்துக்குத் தெரிந்தது ஒருத்தியைத்தான். டெல்லி, லண்டன், விருது, பொன்னாடை என்று இருந்தவள். டேப்பில் இருப்பதும் அவள் குரல்தான் என்று ஆகிவிட்டது. இன்னொருத்தி கரூரில் பாட்டு டீச்சர். காலைப் பிரார்த்தனைக்கு ஆர்மோனியம் வாசித்தாள். பத்து வருஷத்தில் தொண்டையும் போயிற்று.

விவரம் தெரிந்தவர்கள் பெரிய சௌந்தரவல்லி, சின்ன சௌந்தரவல்லி என்பார்கள். வயதில் சின்னவள்தான் மூன்று வருஷம் மூத்தவள். அதை யார் கேட்டார்கள்?

அந்த 'ஆ'வைப் பற்றி ஒரு விமர்சகர் கட்டுரையே எழுதினார். வார்த்தை போதாத இடத்தில் பக்தி பேசுகிறதாம். படித்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள்.

ஒரு சபா செயலாளரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள்.

"பேர் ஒண்ணுங்கிறதுக்காக எல்லாத்தையும் உங்களுதுன்னு சொல்லிட முடியுமாம்மா?" என்றார்.

பெரியவளை ஒரே ஒருமுறை நேரில் பார்த்தாள், ஒரு கல்யாணத்தில். இவளைக் கண்டதும் பெரியவள் எழுந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாரோ போட்டோ எடுக்க இழுத்துப்போய்விட்டார்கள். நல்லதாயிற்று என்று இவள் நினைத்துக்கொண்டாள். பேசியிருந்தால் இவள் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

சின்னவள் பாடியதில் மிச்சம் இருப்பது அந்தப் பதினோரு நிமிஷம்தான். வேறு எதுவும் இல்லை.

ஒரே பெயர்க்காரர் நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று இன்று கூப்பிட்டிருந்தார்கள். பையில் வானொலியின் பழைய ஒப்பந்தக் கடிதம். தேதி, நேரம், பாட்டு எல்லாம் அதில் இருக்கிறது. இன்று மைக்கில் சொல்லிவிடுவாள். செத்தவள் படத்துக்கு முன்னால் இப்படிச் செய்யலாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தாள். செய்யலாம் என்றுதான் பட்டது.

பாட்டு முடிந்தது. பாடியவர்களில் மூத்தவள், ஐம்பது வயதிருக்கும், இறங்கி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க டீச்சர் நல்லாத்தான் பாடிச் சொல்லிக்கொடுத்திருக்காங்க" என்றாள் அவள். குரலில் விஷம் இருந்தது. அவளுக்கே கேட்டது.

"இதை மட்டும் டீச்சர் பாடிக் காட்டினதே இல்லம்மா. கச்சேரியில யார் சீட்டு எழுதி அனுப்பினாலும் பாட மாட்டாங்க. எங்களுக்கு டேப்பைப் போட்டுடுவாங்க. நாங்களா கேட்டுப் பிடிச்சுக்கணும்."

அந்தப் பெண் அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

"போடறதுக்கு முன்னாடி அந்த டேப்புக்கு நாங்க எல்லாரும் நமஸ்காரம் பண்ணணும். டீச்சரும் எங்களோட விழுந்து கும்பிடுவாங்க. தன் குரலுக்குத் தானே கும்பிடு போட்டுக்கறாங்களேன்னு நாங்க பின்னாடி நின்னு சிரிப்போம்."



நாற்பது வருஷம். அது யார் குரல் என்று பெரியவள் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. அது முழுதாக வருவதற்குள், கல்யாணத்தில் தன்னைக் கண்டதும் பெரியவள் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது.

"அடுத்து, கரூர் சௌந்தரவல்லி அவர்கள்" என்றார்கள் மேடையில்.

பையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு ஏறினாள்.

மைக் முன்னால் நின்றாள். அரங்கம் காத்திருந்தது. இருமல்கள் அடங்கின.

திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

இளையவளுக்கு மூத்தவள் நமஸ்காரம் செய்கிற வழக்கம் எங்கும் கிடையாது.

புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலை மடக்கினாள்.

மயங்கி விழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.