தொட்டியில் வளர்ந்தது

வனஜாவின் கணவன் ஜெயசீலன் வேறொருத்தியோடு போனபோது அந்தக் கெய்மன் முதலை ஒரு சாண் நீளம்தான் இருந்தது. கப்பலில் வந்த யாரிடமோ ஆசையாக வாங்கி வந்து மீன் தொட்டியில் விட்டிருந்தான். இப்போது அது கொல்லைப்புறத்துச் சிமெண்ட் தொட்டியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மிருகக்காட்சிசாலையில் இடமில்லை என்றார்கள். ஆற்றில் விட்டால் குற்றம் என்றார்கள். கொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கோழிக்கடைக் கழிவைக் கழியில் குத்தி நீட்டுவாளே தவிர, ஒருநாளும் பக்கத்தில் கை கொண்டுபோனதில்லை. நாறிய தண்ணீரை இறைத்து இறைத்து அவள் தோள்கள் இறங்கிவிட்டன.

ஒரு சாயங்காலம் ஜெயசீலன் வாசலில் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அது இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"இருக்கு."

"என்னை ஞாபகம் இருக்குமா அதுக்கு?"

வனஜா கொல்லைக்கு நடந்தாள். தொட்டியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா, எப்படி வளத்திருக்கே!" என்றபடி குனிந்து, அதன் கண்களுக்கு நடுவே மூக்குக்கண்ணாடி போல் மேடிட்டிருந்த எலும்பைத் தடவக் கையை நீட்டினான். தண்ணீர் அசையவில்லை. தலை மட்டும் மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

'கையை எடுங்க' என்று சொல்ல வேண்டும். அது வனஜாவுக்குத் தெரிந்தது. துவைக்கும் கல்லில் மெதுவாக உட்கார்ந்தாள். வாயைத் திறக்கக்கூட அசதியாக இருந்தது.