முள்ளம்பன்றி கொடுத்த விளம்பரம்

உதிர்ந்த முட்களில் தலைச்சீப்பு செய்து விற்க, முள்ளம்பன்றி இணையதளம் தொடங்கியது. எட்டிப்பார்க்க ஆளில்லை. கடையை மூடிவிடும் முன் கடைசி முயற்சியாக, தேடுபொறி நடத்தும் மைனாவிடம் விளம்பரம் கொடுக்கப் போனது.

"என்னன்னு தேடினா உங்க கடையைக் காட்டணும், அண்ணே?"

"'உயர்தர முள் சீப்பு'ன்னு போடு."

மைனா சிரித்தது. "அப்படி யாருமே தேடுறதில்லை. 'முதுகு அரிக்குது, என்ன செய்யலாம்?'னு எருமைங்கதான் தினமும் என் உயிரை வாங்குதுங்க."

"முதுகா? நான் தலைக்கில்ல செஞ்சேன்!"

"எருமைத் தலையில சீவ என்னண்ணே இருக்கு?"

முள்ளம்பன்றி அன்றே சீப்புக்கு நீண்ட கைப்பிடி போட்டு, விளம்பரத்தையும் மாற்றியது. முதலில் வாங்கிய எருமை, 'அப்பாடா!' என்று தளத்தில் எழுதிவிட்டு, மந்தை முழுவதற்கும் ஆர்டர் கொடுத்தது.

பல வாரங்களாகச் சிலிர்த்தே நின்ற முட்களை முள்ளம்பன்றி மெல்லத் தாழ்த்தியது.