பதினொரு பிரமாதம்

அண்ணி நீட்டிய அட்டையைப் படித்ததும் அவனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

'சூப்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருக்கிறது. சிக்கன் ரோஸ்டில் அடிப்பிடித்த வாடை. உருளைக்கிழங்கு சப்பென்று இருக்கிறது. புட்டிங்கில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு. தயவுசெய்து வெள்ளிக்கிழமை கடையைத் திறக்க வேண்டாம்.'

"என்ன அண்ணி இது?"

"மனசுல பட்டத எழுதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க தம்பி?"

அண்ணன் பக்கத்தில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் வரை அந்தக் கடை வெறும் மது பார். பிளாஸ்டிக் நாற்காலி, நீல பல்பு, கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் மேஜை. அதை வாங்கி, இடித்து, தரைக்கு மரம் போட்டு, சுவருக்குச் செங்கல் பதித்து, "குடிக்க வர்றவன் சாப்பாட்டுக்காகத் திரும்பி வரணும், பாரு" என்று கண்டவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தான். அப்பா விட்டுப்போன வீட்டை விற்றுத்தான் இத்தனையும். அண்ணன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். அண்ணி மட்டும், "இருக்கிற கூரையையும் வித்துட்டு எங்க போய் நிக்கறது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அண்ணி என்றாலே அவனுக்கு ஆகாது.

திறப்புக்கு முன்னால், இன்று மதியம் நெருங்கின மனிதர்கள் பன்னிரண்டு பேருக்கு ஒத்திகை விருந்து. ஆளுக்கு ஓர் அட்டை, ஒரு பேனா.

அந்த அட்டைகளைத்தான் அவன் மலைபோல நம்பியிருந்தான். காரணம் யாருக்கும் தெரியாது. போன மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவன் நாக்கு செத்துப்போயிருந்தது. மிளகாயும் ஒன்றுதான், தேனும் ஒன்றுதான். வாசனையும் கிடையாது. "வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ருசி தெரியாத சமையல்காரன்! இதை யாரிடம் போய்ச் சொல்வான்? பதினைந்து வருஷக் கைப்பழக்கத்தை நம்பி, கண்ணளவில் சமைத்துக்கொண்டிருந்தான்.

பெட்டியிலிருந்த மற்ற பதினொரு அட்டைகளையும் எடுத்து மேஜைமேல் பரப்பினான்.

"கேளுங்க அண்ணி. 'பிரமாதம்.' எழுதினது பேங்க் மேனேஜர். 'நாக்கிலேயே நிற்கிறது.' இது என் பழைய முதலாளி. 'இந்தப் புட்டிங்குக்கே தனியா ஒரு கடை போடலாம்.' இது என்கூடப் படிச்சவன். எல்லாரும் பிரமாதம், பிரமாதம்னு எழுதியிருக்காங்க. போதுமா?"

"அவங்க எழுதினது அவங்களுக்கு. நான் சாப்பிட்டத நான் எழுதினேன்."

"வீட்டை வித்த வயித்தெரிச்சல் உங்களுக்கு இன்னும் தீரல. அதுக்கு என் சமையல்தான் கிடைச்சுதா?"

அண்ணியின் முகம் சுண்டிப்போயிற்று. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"டேய், அவ எதுக்குச் சொல்றான்னா..." என்று ஆரம்பித்த அண்ணன், அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, மீதியை விழுங்கிக்கொண்டு பின்னாலேயே போனான்.

'புட்டிங்கில் உப்பாம்! பொய்யைக்கூடப் பொருத்தமாய்ச் சொல்லத் தெரியவில்லை' என்று முணுமுணுத்தபடி அவன் சமையலறைக்குள் போனான். அங்கே பாத்திரம் தேய்க்கும் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சார், இதையெல்லாம் எங்க கொட்டறது? குப்பை வாளி ரொம்பிப் போச்சு."

"எதையெல்லாம்?"

அவள் ஒரு தட்டின் மேலிருந்த டிஷ்யூ பேப்பரைத் தூக்கினாள். அடியில் சிக்கன், ஒரு கடி கடித்தபடி அப்படியே. அடுத்த தட்டில் உருளைக்கிழங்கு. அடுத்த கிண்ணத்தில் புட்டிங், ஒரே ஒரு ஸ்பூன் எடுத்த குழியோடு. மேஜையிலிருந்து எடுத்து வந்த பூச்சாடிக்குள் யாரோ சூப்பை ஊற்றியிருந்தார்கள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அலமாரியில் வரிசையாக ஒரே மாதிரி கண்ணாடி ஜாடிகள். பேர் எழுதி ஒட்டினால் அழகு கெட்டுவிடும் என்று இன்டீரியர் ஆள் கறாராகச் சொல்லியிருந்தான்.

"அம்மா, அந்தச் சர்க்கரை ஜாடியிலேர்ந்து ஒரு துளி வாயில போட்டுப் பாருங்க."

போட்டவள் தூவென்று துப்பினாள். "ஐயோ, உப்பு சார்!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வீடு போயிற்று. நாக்கு போயிற்று. வெள்ளிக்கிழமை கூட்டம் வரும். வருகிறவர்களும் இதே மாதிரி கையைக் குலுக்கி, பிரமாதம் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஒருத்தரும் திரும்பி வர மாட்டார்கள். ஏன் என்று ஒருத்தரும் சொல்லவும் மாட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அழாதீங்க சார். ஒருத்தர் தட்டு மட்டும் சுத்தமாத்தான் வந்துச்சு."

"யாரோடது?"

"ஜன்னலோரம் இருந்தாங்களே, உங்க அண்ணி. தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்கிட்டிருந்தாங்க. புட்டிங்க வழிச்சுச் சாப்பிடறப்போ கண்ணுலேர்ந்து தண்ணியே வந்துடுச்சு. 'முடியலன்னா வச்சிடுங்களேம்மா'ன்னு நான்கூடச் சொன்னேன்."

"அதுக்கு?"

"'தம்பி மனசு தாங்காதும்மா. அட்டையில பொய் எழுத என்னால முடியல, தட்டையாவது காலியா அனுப்பிடறேன்'னாங்க சார்."