அரை மணி நேரத் தோட்டம்

காய் வெடித்தபோது அவள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது.

போய்ப் பார்த்தாள். அடுப்பு மேடையில் உலரவைத்திருந்த விஸ்டேரியா கொடியின் காய் இரண்டாகப் பிளந்து முறுக்கிக் கிடந்தது. ஒரு விதை குக்கருக்குப் பின்னால். இன்னொன்று கதவோரம். தட்டையாக, பழுப்பாக, கோட்டுப் பொத்தான் அளவில்.

மூன்றாவதை முழங்காலிட்டுத் தேடினாள்.

திரும்பி வந்தபோது கஞ்சி ஆறியிருந்தது.

குன்னூரில் ஒரு செடி நர்சரியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். அங்கே ஒற்றை அறை வாடகை வீடு. வாசலைச் சுற்றி நூற்றுக்கு மேல் தொட்டிகள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மஸ்கட்டிலிருந்து தம்பி கிளமென்ட் பேசினான். ரெண்டு மாசம் மட்டும் கோத்தகிரியில் அப்பாகூடப் போய் இரு அக்கா என்றான்.

தொட்டிகளை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். நான்காவது மாதம், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அவர் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் போனில் சொன்னாள். அப்போது அப்பாவின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு மீதியையும் அலசினாள்.

இது நான்காவது வருஷம்.

அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க முடியாது. ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் முக்கால் மணி ஆகிவிட்டது. வந்து பார்த்தால், கட்டிலிலிருந்து பாதி உடம்பு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் குரல் போயிருந்தது.

போக ஒரு கால் மணி. வர ஒரு கால் மணி.

அந்தத் தூரத்துக்குள் என்ன முளைத்திருக்கிறதோ, அதுதான் இப்போது அவள் தோட்டம்.

கோயில் வேலியில் ஒடித்த ஜெரேனியம் கொம்பு. பேருந்து நிறுத்தத்துச் சாக்கடையோரம் கிடைத்த ஃபூஷியா. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் யாரோ வீசிய பெகோனியா இலை. பெகோனியா முளைக்க ஓர் இலை போதும். தொட்டிகூட வாங்கியதில்லை. பெயிண்ட் டப்பா, விரிசல் விட்ட பக்கெட், விதை போடப் பால் கவர். சிமென்ட் முற்றத்தில் இப்போது நாற்பத்தொரு செடிகள்.

விஸ்டேரியா பதின்மூன்றாவது நிமிடத்தில் இருந்தது. பூட்டிய பங்களா ஒன்றின் மதில் மேல். சித்திரையில் ஊதாக் குலைகள் மதிலை மறைத்துத் தொங்கும். அங்கே அவளால் நான்கு நிமிடம் நிற்க முடியும்.

விதைக் கொடி பூக்கப் பதினைந்து வருஷம் ஆகும், சிலது பூக்காமலே போகும் என்று பங்களாக் காவல்காரர் போஜன் சொன்னார். மழை வரட்டும், பதியன் போட்டுத் தருகிறேன், மூன்றே வருஷத்தில் பூத்துவிடும் என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று நர்சரியில் இருந்தவளுக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு, மதிலடியில் கிடந்த காய்களைப் பொறுக்கி வந்தாள்.

விதைக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

ஏழு விதைகளை ஒரு பகலும் ஓர் இரவும் வெந்நீரில் ஊறப்போட்டாள். ஐந்து உப்பின. வெளிச்சம் விழும் இடம் அப்பாவின் ஜன்னல்தான். பால் கவர்களை அங்கே வரிசையாக வைத்தாள்.

பத்தொன்பதாம் நாள் ஒரு கவரில் மண் வெடித்தது. முதலில் பார்த்தவர் அப்பா. நல்ல கையைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து நாளெல்லாம் அந்தப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தார்.

நாற்று நான்கு இலை விட்ட அன்று குன்னூர் நர்சரி முதலாளியம்மா போன் செய்தார். மேற்பார்வைக்கு ஆள் வேண்டும், ஒன்றாம் தேதி வந்துவிடு, பின்பக்கம் தங்குவதற்கு அறையும் இருக்கிறது என்றார்.

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்துவிட்டாள். வர முடியாது என்று தணிந்த குரலில் சொன்னாள். நன்றியும் சொன்னாள்.

வெளியே வந்து, அப்பாவின் ஜன்னலடியில் நாற்றை ஒரு டப்பாவுக்கு மாற்ற உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் வளரட்டும், கேட் பக்கம் சிமென்டைக் கொத்தித் தரையில் வைத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னாள்.

எப்போது பூக்கும் என்று அவர் கேட்டார்.

"பதினைஞ்சு வருஷம் ஆகுமாம்பா."

அப்பாவின் உதடு அசைந்தது. கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அவள் முன்பே கூட்டியிருந்தாள். பூக்கும்போது அவளுக்கு அறுபத்திரண்டு.

"தரையில வைக்காத, பிலோமி."

அவருக்கு வாயில் ஒரு பக்கம்தான் அசையும். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"டப்பாலயே இருக்கட்டும். தூக்கிட்டுப் போற மாதிரி."

அவள் நாற்றைச் சுற்றி மண்ணை அழுத்தினாள். தேவைக்கு மேல் அழுத்தினாள்.

சுவர்ப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். நான்கு வருஷத்தில் அந்தப் பக்கம் வேண்டுமென்று அவர் கேட்டதில்லை. தோளுக்கடியில் கை கொடுத்துத் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை வைத்தாள். தூங்கும்போது அவர் மூச்சு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

கை மண்ணை நைட்டியில் துடைத்துவிட்டு மஸ்கட்டுக்கு போன் போட்டாள்.

கிளமென்ட் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவான். இன்று புதன். எடுத்தவுடனே, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்றான்.

"அப்பா நல்லாத்தான் இருக்கார். நீ எப்படா வர்ற?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சுவரைப் பார்த்திருந்த அப்பாவின் முதுகு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது.