மோகினி பிழைத்துவிட்டாள்

“ஏன்னா, நிறுத்திட்டேளே! பாண்டி பஜார்ல மயங்கி விழுந்த மோகினி என்ன ஆனா?”

படுக்கையிலிருந்த சுப்புலக்ஷ்மி அவசரப்பட்டாள். தொடர் நாவலின் ஏழாம் பாகத்தைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்த கணவர் கிச்சா, அடுத்த வரியை மனசுக்குள் இன்னொரு முறை படித்துப் பார்த்தார். சென்னையைப் பூதத்திடமிருந்து காப்பாற்றிய மோகினி, அந்தப் பக்கத்தில் செத்துப்போகிறாள்.

“பொழைச்சுட்டாடி,” என்று புத்தகத்தில் இல்லாததைப் படித்தார். “பூதம்தான் அடையாத்துல விழுந்து போயிடுத்து. அந்த நாத்தத்தை எந்தப் பூதம் தாங்கும்?”

சுப்புலக்ஷ்மி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“அடுத்த பாகம் எப்போ?”

“ஜனவரியில, புத்தகக் காட்சிக்கு. அதுக்குள்ள நீயே எழுந்து உக்காந்து படிச்சுடுவே.”

“வேண்டாம், நீங்களே படியுங்கோ. இதே மாதிரி நன்னா படிக்கணும்,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் தூங்கியதும் கிச்சா புத்தகத்தோடு கூடத்துக்கு வந்தார். எந்தப் புத்தகம் வாங்கினாலும் காக்கி அட்டை போட்டுவிடுவார். அவள் கண்ணில் பட்டுவிடக்கூடாதென்று, அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை இந்தப் புத்தகத்தின் பின்பக்கக் காக்கி அட்டை மடிப்புக்குள் வைத்துப் பசை தடவி ஒட்டியிருந்தார். தீபாவளியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக்கு அதை அவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பின்னட்டையைத் திருப்பினார்.

அவர் ஒட்டிய பசை பிரிந்திருந்தது. அந்த மடிப்பை, சுப்புலக்ஷ்மியின் ஸ்டிக்கர் பொட்டுகள் இரண்டு பிடித்துக்கொண்டிருந்தன.